மூன்று சுற்று முறுக்கியது யார்?

மார்த்தாண்டத்தில் வண்டிக்கு வேகம் கூட்டிக்கொடுக்கும் டியூனிங் கடை வைத்திருக்கிற ஒரு தம்பி பொய் சொல்கிறான். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. "இந்த லைட் வெயிட் டர்போ வண்டியெல்லாம் நம்ம ஊர்ச் சூட்டுக்கு ஆவாது. டர்போ தானாட்டுப் போச்சு. நான் ஒண்ணும் தொடல்ல" என்று அவன் கேமராவைப் பார்த்துச் சொன்ன வீடியோ இன்னும் அப்படியே இருக்கிறது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சொல்கிறான். கடைக்குள்ளே நிற்கிறவனுக்கு எதற்குக் கறுப்புக் கண்ணாடி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மெக்கானிக் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பிள்ளைகள், "அண்ணாச்சி, தொழிலுக்குப் புதுசா வாற பயலுவளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாங்க" என்றார்கள். சார்ஜாவில் பதினேழு வருஷம், பிறகு பார்வதிபுரம் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாகப் பதினோரு வருஷம் வேலை பார்த்து ஓய்ந்தவன் நான். பிஸ்டன் மாற்றுவது எப்படி என்று எழுதினால் நீங்கள் படிக்கப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் போனிலேயே கிடக்கிறது. அதனால் என் கடைசி வருஷத்தில் வந்த ஒரு வண்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அந்தத் தம்பி வீடியோ போட்ட அதே வண்டி. அதில் அவன் செய்த தப்பும் இருக்கிறது, நான் செய்த தப்பும் இருக்கிறது. என்னுடையது பெரிய தப்பு. அதையும் மறைக்காமல் எழுதுவேன்.

வண்டி டாக்டர் பகவதியுடையது. வடசேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் கண் டாக்டர். ஆறு வருஷம் இங்கிலாந்தில் வேலை பார்த்துவிட்டு, ஊர் திரும்பும்போது மற்றவர்கள் சாக்லேட் கொண்டுவருகிற மாதிரி இந்த வண்டியைக் கொண்டுவந்தார். இரண்டே சீட்டு. எடை ஒரு டன்கூட இல்லை. எஞ்சின் முன்னால் கிடையாது; சீட்டுக்குப் பின்னால், முதுகோடு ஒட்டி இருக்கிறது. சின்ன எஞ்சின்தான். ஆனால் டர்போ உண்டு. வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும், அது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். அமுக்கின காற்று கொதிக்கும். அதை ஆற்றுவதற்கு ரேடியேட்டர் மாதிரி ஒரு தகடு இருக்கிறது, அதன் பெயர் இன்டர்கூலர். அந்தத் தகட்டுக்குக் காற்று வர, வலது கதவுக்குப் பின்னால் மீனின் செவுள் மாதிரி ஒரு வாய். இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதல் சர்வீஸ் முடிந்து காவல்கிணறு நாலுவழிச்சாலையில் அதை நான் ஓட்டிப் பார்த்தேன். ஆரல்வாய்மொழி எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. காலை ஆக்சிலரேட்டரில் வைத்தால் முதலில் ஒன்றும் நடக்காது; ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து முதுகில் யாரோ எத்தின மாதிரி போகும். கல்லீரல் கிளம்பின இடத்திலேயே தங்கிவிட்டது என்று நினைத்தேன். பெரிய எஞ்சின் போட்ட கனத்த வண்டிகளை சார்ஜாவில் நிறைய ஓட்டியிருக்கிறேன். அவையெல்லாம் வேகமாக ஓடுகிற பீரோக்கள். இது வேறே.

வண்டி கொள்ளாம். வண்டியைச் சுற்றி நின்ற நாங்கள்தான் சரியில்லை.

டாக்டரின் அப்பா நீலகண்டன் அண்ணாச்சி. தேரூரில் நெல் விவசாயம். இரண்டு டிராக்டர், ஒரு அறுவடை மிஷின். வண்டி என்றால் படியில் கால் வைத்து ஏறி உட்கார வேண்டும் என்று நம்புகிற மனுஷன். மகளின் வண்டியை முதலில் பார்த்ததும், "ஓய் ஃபோர்மேன், இது வண்டியா, குழியா? இறங்கில்லா படுக்கணும்!" என்றார்.

அவர் வீட்டில் சக்கரம் உள்ள எல்லாவற்றுக்கும் வெள்ளிக்கிழமை தோவாளை மாலை உண்டு. டிராக்டருக்கு, அறுவடை மிஷினுக்கு, பைக்குக்கு, சக்கரமே இல்லாத பம்புசெட்டுக்கும் உண்டு. முதல் சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்க வந்த அன்றைக்கும் கையில் ஒரு முழு மாலையோடு வந்தார். ஆனால் வண்டியில் மாலை போட இடமில்லை. முன்பக்கம் வழுக்குப்பாறை மாதிரி இருக்கிறது, கொக்கியோ கம்பியோ கிடையாது. மாப்பிள்ளை ஓடிப்போன கல்யாணத்தில் நிற்கிறவர் மாதிரி மாலையைப் பிடித்துக்கொண்டு வண்டியை மூன்று தடவை சுற்றிவந்தார்.

எனக்குச் சாப்பாட்டு நேரம். வீட்டில் அவியல் என்று காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னாலிருந்த செவுளைக் காட்டி, "அண்ணாச்சி, இதுல சொருகுங்க. அம்சமா நிக்கும்" என்றேன்.

சொருகினார். அம்சமாகத்தான் நின்றது. எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இப்போதே எல்லாம் விளங்கியிருக்கும். எங்களுக்கு விளங்க நாலு மாசம் ஆனது. சிரிக்காதீர்கள். அன்றைக்கு என்னோடு நின்றிருந்தால் நீங்களும் போட்டோவுக்குத்தான் நின்றிருப்பீர்கள்.

வண்டி முதலில் நின்றது மார்த்தாண்டம் பாலத்தில். ஒரு வெள்ளிக்கிழமை, குழித்துறையில் சொந்தக்காரர் கல்யாணம். டாக்டர் ஓட்ட, அண்ணாச்சி பட்டுவேட்டியோடு பக்கத்தில் படுத்திருந்தார். பாலத்தின் நடுவில் சிவப்பு விளக்கு எரிந்து, வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்து, கடைசியில் நின்றது. பின்னால் பஸ். பஸ்ஸுக்குப் பின்னால் மொத்த மார்த்தாண்டமும். அண்ணாச்சியால் வண்டியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. கண்டக்டர் ஒரு கையையும் முன்சிறைக்குப் போகிற ஒரு பயணி மறு கையையும் பிடித்து இழுத்துத்தான் எடுத்தார்கள். வேட்டி பாதி வண்டியிலேயே தங்கிவிட்டது.

"பாலமே பாத்துட்டு ஓய்" என்று பிறகு என்னிடம் சொன்னார். வண்டி நின்றதைவிட, பாதி வேட்டியோடு தான் நின்றதை ஊர் பார்த்ததுதான் அவருக்குப் பெரிய அடி.

தம்பியின் கடை பக்கத்தில் இருந்ததால் வண்டியை அங்கே கொண்டுபோனார்கள். அவன் லேப்டாப்பை மாட்டிப் பார்த்து, "டர்போ வீக்கு. கொஞ்சம் செட்டிங்ஸ் போட்டிருக்கேன், இனி பறக்கும்" என்றான். அதற்குள் எஞ்சின் ஆறிவிட்டது. வண்டி நன்றாக ஓடியது. அவன் தன் கைராசி என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமையே மறுபடி விளக்கு எரிந்தது. இந்தத் தடவை என்னிடம் வந்தது. ஸ்கேனரை மாட்டினேன். உள்ளே போகிற காற்று அளவுக்கு மேல் கொதிக்கிறது என்று காட்டியது. நான் என்ன செய்தேன்? காற்றின் சூட்டை அளக்கிற சென்சாரை மாற்றினேன். காய்ச்சல் என்று சொன்ன தெர்மாமீட்டரைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுத் தெர்மாமீட்டர் வாங்கின வைத்தியன் நான். புதியதும் அதையேதான் சொன்னது. "நம்ம ஊர் வெயில் அப்படி, டாக்டர். இங்கிலாந்து வண்டி பாருங்க, பழகணும்" என்றேன். ஒர்க்‌ஷாப்பிலிருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். வாய்க்கு வந்ததைக் கனத்த குரலில் சொன்னால் தலையாட்ட நாலு பேர் எப்போதும் இருப்பார்கள். புதிதாக வந்திருக்கிற நீங்கள் அந்த நாலு பேரில் ஒருவராக இருக்காதீர்கள்.

வண்டி இரண்டாவது தடவை மக்கர் செய்ததும் அண்ணாச்சி கண்ணேறு என்று முடிவு கட்டிவிட்டார். பாலத்தில் அத்தனை கண் பார்த்ததே! அதனால் அடுத்த வெள்ளிக்கிழமை மாலை இன்னும் கனத்தது. முன்பு ஒரு விரல் தடிமன் என்றால் இப்போது கைத்தடிமன். அதோடு ஒரு எலுமிச்சம்பழமும்.

வண்டி மறுநாளே ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. சனிக்கிழமை, கூட்டமான நாள். கண் ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டின இரண்டு பெரியவர்கள், "நம்ம டாக்டருக்க வண்டியாக்கும்" என்று தள்ள வந்துவிட்டார்கள். டாக்டர் ஓடிவந்து, "ஐயோ, குனியாதீங்க! பாரம் தள்ளாதீங்க! ரெண்டு வாரம் கழிச்சுத் தள்ளுங்க!" என்று கத்தியிருக்கிறார்.

வண்டி நிற்க நிற்க மாலை தடித்தது. மாலை தடிக்கத் தடிக்க வண்டி நின்றது. இந்த வட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டியவர்கள் இரண்டு பேர்தான்: நானும் மார்த்தாண்டத்துத் தம்பியும். நாங்கள் ஆளுக்கொரு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியாகத் தம்பி தீர்ப்புச் சொன்னான். "டர்போ தீந்து போச்சு. எஞ்சினைத் திறக்கணும். எனக்க அனுபவத்துல சொல்லுதேன், இந்த வண்டியைக் கொடுத்துருங்க. திருவனந்தபுரத்துல எனக்க பரிச்சயத்துல ஒரு ஆள் உண்டு, இருக்க நிலையிலேயே எடுப்பாரு." அன்றைக்கே அந்த வீடியோவும் வந்தது. ஒரே வாரத்தில் மாவட்டத்திலுள்ள எல்லா மெக்கானிக் குரூப்பிலும் சுற்றியது. "சின்ன எஞ்சின்ல டர்போ போட்டா இப்பிடித்தான்" என்று எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள்.

அண்ணாச்சி மகளிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: "மக்கா, சனிக்கிழமை அந்த ஆளு வாறான். வெள்ளிக்கிழமை என்னை இதுல வச்சு பேச்சிப்பாறை கொண்டு போ. வழியில நிக்காம போச்சுன்னா வண்டி உனக்கு. ஒரு தடவை நின்னாலும் அந்த ஆளுக்கு."

வியாழக்கிழமை மத்தியானம் டாக்டர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். எப்போதும் சிரித்துப் பேசுகிறவர், அன்றைக்குச் சிரிக்கவில்லை. "அங்கிள், ஆறு வருஷம் குளிர்ல நின்னு வேலை பார்த்து வாங்கினது. வீடு அப்பா கட்டினது, படிப்பு அப்பா கொடுத்தது. எனக்குன்னு நான் வாங்கினது இது ஒண்ணுதான். எஞ்சினைத் திறக்கணும்னு அவர் சொல்றார். நீங்க சொல்லுங்க. திறக்கவா?"

பிள்ளைகளே, நான் "திறப்போம்" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன். காரணம் வண்டி இல்லை. நான் திறக்காவிட்டால் அவன் திறந்துவிடுவான் என்ற எரிச்சல். ஒர்க்‌ஷாப் முதலாளி பின்னால் நின்று, "சொல்லும்வே, சொல்லும்" என்று இடித்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரி நேரத்தில் மெக்கானிக்கின் கை மூளைக்கு முன்னால் ஓடும். ஸ்பேனர் கையில் இருந்தால் வேலை நடக்கிற மாதிரி ஒரு நினைப்பு வரும்.

சார்ஜாவில் எனக்கு மேலே ஒரு பிலிப்பைன்ஸ்காரர் இருந்தார். பேர் வேண்டாம். குழப்பமான வண்டி வந்தால் எங்களைக் கையைப் பின்னால் கட்டச் சொல்வார். கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி நடக்க வேண்டும், சொந்தக்காரரிடம் ஐந்து கேள்வி கேட்க வேண்டும். அதற்கு முன்னால் கையை அவிழ்த்தால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார். அவர் அந்தப் பக்கம் போனதும் நாங்கள் கிண்டல் செய்வோம். அன்றைக்கு எனக்கு அந்த ஞாபகம் ஏன் வந்தது என்று தெரியாது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டினேன். முதலாளி எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது என்று நினைத்தார்.

"டாக்டர், எந்தெந்த நாள் நின்னுது?"

டாக்டர்கள் எல்லாவற்றையும் எழுதிவைப்பார்கள் போலிருக்கிறது. நோயாளியின் கேஸ் சீட்டு மாதிரி போனில் தேதி, நேரம், எல்லாம் வைத்திருந்தார். காலண்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வெள்ளி. வெள்ளி. சனி. வெள்ளி. சனி. நடுவில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் உச்சி வெயிலில் நாலுவழிச்சாலையில் முழு வேகத்தில் போயிருக்கிறார்; ஒன்றும் ஆகவில்லை.

வெயில்தான் காரணமென்றால் வியாழக்கிழமை வெயிலுக்கு என்ன குறை? டர்போ செத்துவிட்டதென்றால் வாரத்தில் ஐந்து நாள் உயிரோடிருப்பது எப்படி? வண்டிக்குக் கிழமை தெரியாது. கிழமை தெரிந்த யாரோதான் இதைச் செய்கிறார்கள்.

"வெள்ளிக்கிழமை வண்டியை என்ன செய்யுதீங்க?"

"ஒண்ணும் இல்ல அங்கிள். அப்பா பூசை போடுவாங்க, நான் ஓட்டிட்டுப் போவேன். அவ்வளவுதான்."

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. சாம்பிராணிப் புகை உள்ளே போகிறதோ என்று நினைத்தேன். அவ்வளவு மந்தம்.

மறுநாள் விடிந்ததும் தேரூருக்குப் போனேன். அண்ணாச்சி குளித்துத் திருநீறு பூசி வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் இரண்டு ஆள் நீளத்துக்கு மாலை. அதன் ஒரு முனையைச் செவுளுக்குள் விட்டு, குடையைத் திருப்பிப் பிடித்து, குடைக்கம்பியால் குத்திக் குத்தி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். முறுக்கு அச்சில் மாவு தள்ளுகிற மாதிரி.

"அண்ணாச்சி! என்ன செய்யுதிய?"

"ஓட்டத்துல விழுந்துருதுல்லா. அதான் நல்லா உள்ள தள்ளிவிடுதேன்."

"இதுலயா மாலை போடுவாங்க?"

அவர் குடையை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓய், நீருதானவே இடம் காட்டினீரு!"

நான் மெதுவாக அவர் கையிலிருந்து குடையை வாங்கிக்கொண்டேன்.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டார். "மாலையோட ஆஸ்பத்திரிக்குப் போக வெக்கமா இருக்கும் அங்கிள். தெரேகால்புதூர் பக்கம் நிறுத்திப் பிய்ச்சுப் போட்டுட்டுப் போவேன். வெளிய தெரியறதை மட்டும்."

அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, சாமி மாலையைப் பிய்ச்சா போட்ட? பின்ன வண்டி நிக்காம என்ன செய்யும்!"

"அப்பா, உள்ள இருந்ததுனாலதான் நின்னுது!"

"பிய்ச்சதுனாலயாக்கும்!"

இரண்டு பேரையும் விலக்கிவிட்டு செவுள் வாயின் சட்டத்தைக் கழற்றிக் கையை விட்டேன். நாலு மாசத்து வெள்ளிக்கிழமைகள் வெளியே வந்தன. பிச்சி, அரளி, செவ்வந்தி, கோழிக்கொண்டை. பூ காய்ந்து பொடிந்து போய்விடும், அதனால்தான் புதன் வியாழனில் வண்டி பாதி மூச்சாவது விட்டிருக்கிறது. ஆனால் கட்டின வாழைநார் போகவில்லை. அது தகட்டின் மேல் பாய் மாதிரி பின்னிக் கிடந்தது. அதற்கும் பின்னால் மூன்று எலுமிச்சம்பழம். இரண்டு காய்ந்து கல்லாகிவிட்டது. கடைசியாகப் போன ஒன்று பாதி வெந்திருந்தது. ஊறுகாய்க்கு ஒரு கொதி மட்டும் பாக்கி.

டாக்டர் அந்தப் பழத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "தினம் அறுபது பேர் கண்ணுக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்க்கேன் அங்கிள். இதுக்குள்ள ஒரு தடவை அடிச்சுப் பார்க்கல்ல" என்றார். என் சட்டைப்பையிலும் டார்ச் இருந்தது.

கனத்த வண்டியில் அழகுக்காகச் சில ஓட்டைகள் வைப்பார்கள். பின்னால் ஒன்றுமே இருக்காது. லேசான வண்டியில் அப்படிக் கிடையாது. கிராம் கிராமாக எடை குறைத்தவன் வேலையில்லாமல் ஒரு ஓட்டை வைக்கமாட்டான். எதை மூடினாலும் ஏதோ ஒன்றின் மூக்கைப் பிடிக்கிறீர்கள். இந்த வண்டி கெட்டுப்போய் நிற்கவில்லை. மூக்கைப் பொத்தினபோதெல்லாம் எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றது. அதற்குப் பெயர் நம்பகம். நாங்கள் அதைத்தான் கோளாறு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

தண்ணீரைப் பீச்சியடித்தால் தகட்டின் இதழ்கள் மடங்கிவிடும். அண்ணாச்சி வீட்டில் நெல்லுக்கு மருந்தடிக்கிற கைத்தெளிப்பான் ஒன்று புதியதாக, பிரிக்காமல் இருந்தது. அதில் நல்ல தண்ணீர் ஊற்றிப் பதமாகக் கழுவினோம். மணி ஒன்பதரை.

"செரி, கிளம்புவோம். பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கப்புறம் நான் ஏற மாட்டேன்" என்றார் அண்ணாச்சி.

சொல்லப்போனால் என் கட்டுரை இங்கேதான் இருக்கிறது. கோளாறு கிடைத்துவிட்டது. பெரியவர் அவசரப்படுத்துகிறார். சனிக்கிழமை வாங்குகிற ஆள் வருகிறான். கிடைத்த சந்தோஷத்தில் "போங்க" என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒன்று என்னை அரித்தது. தம்பி "செட்டிங்ஸ் போட்டிருக்கேன்" என்று பாலத்தில் நின்ற அன்றைக்குச் சொன்னான். வீடியோவில் "ஒண்ணும் தொடல்ல" என்றான். இரண்டில் எது?

டர்போவுக்கு ஒரு கடிவாளம் உண்டு, வேஸ்ட்கேட் என்பார்கள். காற்றழுத்தம் அளவைத் தாண்டினால் அது திறந்துவிடும். அதன் கம்பியில் ஒரு நட்டு. அதை முறுக்கினால் கடிவாளம் லேசில் திறக்காது, அழுத்தம் ஏறும். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழக்கம்: சரிபார்த்த நட்டின் மேல், நட்டையும் கம்பியையும் சேர்த்து மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போடுவோம். நட்டு அசைந்தால் கோடு உடையும். முதல் சர்வீஸில் நானே போட்ட கோடு அங்கே இருந்தது. தம்பி கடைக்குப் போய்வந்த பிறகு வண்டி என்னிடம் வந்தபோது நான் அதைக் குனிந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை, சென்சார், அதற்கடுத்து இது என் மூன்றாவது தப்பு.

இப்போது குனிந்து பார்த்தேன். கோடு உடைந்திருந்தது; கம்பியிலிருந்த பாதியை விட்டு நட்டின் மேலிருந்த பாதி தள்ளிப் போயிருந்தது. நட்டின் மேல் பிளையர் பல்லின் தடம்.

"அண்ணாச்சி, ஒரு மணிக்கூர் வேணும்."

"ஓய், ராகுகாலம்!"

"இப்படியே போனா ராகு வேண்டாம், இந்த நட்டே போதும்." நாலு மாசமாகக் காற்று கொதித்ததால் எஞ்சின் தானாகவே அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. இப்போது தகடு சுத்தம், காற்று குளிர்ந்து வரும், எஞ்சின் தைரியமாக முழு அழுத்தத்தையும் கேட்கும். முறுக்கின நட்டோ அதற்கும் மேலே கொடுக்கும். பேச்சிப்பாறை ஏற்றத்தில் பிஸ்டன் ஓட்டையாகும். பூ இவ்வளவு நாளும் அந்த எஞ்சினைக் கொன்றதோ இல்லையோ, ஒரு வகையில் அவனிடமிருந்து காப்பாற்றியிருக்கிறது. இதை அண்ணாச்சியிடம் சொன்னதுதான் என் நாலாவது தப்பு. "அப்ப மாலை நல்லதுதான செய்திருக்கு!" என்று ஆரம்பித்துவிட்டார்.

முதலில் போனில் போட்டோ எடுத்தேன். பிறகு நட்டைத் திருப்பினேன். கை நுழையாத இடம், முழங்கைத் தோல் போனது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. மூன்றாவது சுற்று முடிந்த இடத்தில் உடைந்த மஞ்சள் கோடு அச்சாக ஒன்றுசேர்ந்தது. அதையும் போட்டோ எடுத்தேன். மணி பத்து இருபது. அண்ணாச்சியை வண்டிக்குள் இறக்கினோம்.

இரண்டு சீட்டு வண்டியில் எனக்கு இடமில்லை. ஒர்க்‌ஷாப் ஜீப்பில் பின்னால் போனேன். தக்கலை வரை அவர்களுடைய பின்பக்கம் தெரிந்தது. அதற்குப் பிறகு தூசிகூடத் தெரியவில்லை. குலசேகரம் தாண்டி ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஓரமாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

பேச்சிப்பாறை அணைப்பக்கம் போனபோது வண்டி நின்றிருந்தது. சுற்றிப் பத்துப்பேர். டாக்டர் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில். அண்ணாச்சி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். முகம் ரத்தச்சிவப்பு. ஜீப்பை விட்டு இறங்கி ஓடினேன்.

"அண்ணாச்சி, நின்னுட்டா?"

"யாரு நின்னா? ஒரு இடத்துல நிக்கல்ல ஓய். ஏத்தத்துல ரெண்டு காரை முந்தியாக்கும் வந்தோம். எனக்குத்தான் எந்திரிக்க முடியல்ல. கால் மணிக்கூரா கெடக்கேன். இவ பிடிச்சு இழுத்தா தோள்பட்டை கழண்டு வருது. தூக்கும்வே!"

தூக்கினோம். வெளியே வந்ததும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, எல்லோர் முன்னாலும் மார்த்தாண்டத்துக்குப் போன் போட்டார். "தம்பி, நாளைக்கு அந்த ஆளை வரச்சொல்லாண்டாம். வண்டி கொடுக்கல்ல." மகள் பக்கம் திரும்பவில்லை. வண்டியின் கூரையை ஒரு தட்டு தட்டினார், காளையைத் தட்டுகிற மாதிரி. டாக்டர் அழுததை நான் பார்க்காத மாதிரி அணையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை மாலை இப்போதும் உண்டு. பக்கக் கண்ணாடியில் போடுகிறார். கிளம்புவதற்கு முன் அவரே கழற்றிப் பம்புசெட்டுக்குப் போட்டுவிடுகிறார். அந்த வண்டி இன்றுவரை வழியில் நிற்கவில்லை.

வீடியோதான் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து இந்த மாவட்டத்தில் நல்ல சின்ன டர்போ வண்டியை விற்றுத் தள்ளினவர்களை எனக்குத் தெரியும். தொழிலுக்குப் புதிதாக வந்த நீங்களும் வண்டி வாசலுக்கு வந்ததும் "டர்போவா? அது நம்ம ஊருக்கு ஆவாது" என்கிறீர்கள். கையைக் கட்டி ஒரு சுற்று நடக்காமலே சொல்கிறீர்கள். தம்பிக்கு நான் போன் செய்தேன். "அண்ணே, நான் தொடவே இல்லியே" என்றான். போட்டோ அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை.

தம்பி, நான் என் தப்பை எழுதிவிட்டேன். மாலை சொருக இடம் காட்டினது நான். சென்சாரை மாற்றினது நான். கோட்டைக் குனிந்து பார்க்காதவன் நான். இந்த மலர் உன் கடைக்கும் வரும், ஊரே படித்து என்னைப் பார்த்துச் சிரிக்கும், சிரிக்கட்டும். அந்த வண்டி இந்த நாட்டில் ஏறி இறங்கின ஒர்க்‌ஷாப் இரண்டே இரண்டு. ஒன்று என்னுடையது. இனி உன் முறை. போனில் என்னிடம் சொல்லாதே, ஆள் விட்டுச் சொல்லாதே. வீடியோ போட்ட அதே சேனலில், அத்தனை பேர் பார்க்க, அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்: அந்த நட்டை மூன்று சுற்று முறுக்கியது யார்?